ஈவா கோர்-பூத்: ஒரு கவிஞரின் பிரசாரக் கணக்கு

1908 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் வடமேற்குத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. வணிகத் துறை அமைச்சராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த வின்ஸ்டன் சர்ச்சில் 429 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார். வென்ற வில்லியம் ஜாய்ன்சன்-ஹிக்ஸ் 1906-ல் இதே தொகுதியில் அவரிடம் 1,241 வாக்குகளில் தோற்றவர். இரண்டே ஆண்டுகளில் கணக்கு தலைகீழானதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, மதுக்கூடங்களில் வேலை பார்த்த பெண்களுக்காக நடந்த ஒரு பிரசாரம். அதை முன்னின்று நடத்தியவர் அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்துப் பிரபு குடும்பத்தில் பிறந்து, அதற்குள் பல கவிதை நூல்களை வெளியிட்டிருந்த ஈவா கோர்-பூத்.

அவர் இறந்த பிறகு டபிள்யூ. பி. யேட்ஸ் எழுதிய இரங்கல் கவிதைதான் இன்றும் பலருக்கு அவரை அறிமுகப்படுத்துகிறது. ஏதோ தெளிவற்ற பொன்னுலகைக் கனவு கண்டவர் என்ற சித்திரம் அதில் இருக்கிறது. கவிதையாக அது அருமை. ஆளைப் பற்றிய சாட்சியமாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. ஈவா கேட்டவை எல்லாமே குறிப்பானவை: இந்த மசோதாவின் இந்தப் பிரிவை நீக்கு, இந்த வேட்பாளர் இந்த உறுதியை எழுத்தில் தரட்டும், இந்தச் சங்கத்தின் சந்தாப் பணம் யாருக்காகச் செலவாகிறது என்று சொல். எந்தச் சட்டத்தைப் பார்த்தாலும் அவர் முதலில் கேட்ட கேள்வி, இதனால் யாருடைய வாரக்கூலி போகும் என்பது. இந்த ஆய்வு அந்த முறையைத்தான் பின்தொடர்கிறது.

ஸ்லைகோவிலிருந்து மான்செஸ்டருக்கு

ஈவா 1870 மே 22 அன்று லிசாடெல் மாளிகையில் பிறந்தார். தந்தை சர் ஹென்றி கோர்-பூத், வடதுருவக் கடல்களில் பயணம் செய்த நிலக்கிழார். 1879–80 பஞ்சத்தில் அவர் தம் குத்தகைதாரர்களுக்கு உணவு வழங்கினார். இரண்டு வயது மூத்த அக்கா கான்ஸ்டன்ஸ், பின்னாளில் அயர்லாந்து விடுதலைப் போரில் மார்க்கியெவிச் சீமாட்டியாக அறியப்பட்டவர். 1896 டிசம்பரில் சகோதரிகள் சேர்ந்து ஸ்லைகோவில் பெண் வாக்குரிமைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். தலைமை கான்ஸ்டன்ஸ்.

அதே 1896-ல்தான் ஈவாவின் வாழ்க்கை திரும்பியது. நுரையீரல் பலவீனத்துக்காக இத்தாலியின் போர்டிகேரா கடற்கரைக்கு ஓய்வெடுக்கப் போனவர், அங்கே எஸ்தர் ரோப்பரைச் சந்தித்தார். எஸ்தர், மான்செஸ்டரின் ஓவன்ஸ் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற முதல் தலைமுறைப் பெண்களில் ஒருவர். 1893 முதல் மான்செஸ்டர் வாக்குரிமைச் சங்கத்தின் செயலாளர். மறு ஆண்டே ஈவா லிசாடெலை விட்டு மான்செஸ்டரின் ரஷோம் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். இருவரும் சாகும்வரை சேர்ந்தே வாழ்ந்தார்கள். நெஞ்சு நோய்க்காரர் ஒருவர் ஆலைப் புகை மண்டிய நகரத்தை விரும்பிப் போய், அங்கே 16 ஆண்டுகள் இருந்தது மருத்துவக் கணக்கில் பெரிய தவறு. 1913-ல் உடல் ஒத்துழைக்காமல்தான் லண்டனுக்கு மாறினார்கள்.

மான்செஸ்டரில் ஈவாவின் வேலை இரண்டு தளங்களில் நடந்தது. ஆன்கோட்ஸ் தொழிலாளர் பகுதியிலிருந்த பல்கலைக்கழகக் குடியிருப்பு மையத்தில், உழைக்கும் பெண்களுக்கு ஷேக்ஸ்பியர் நாடக வாசிப்பும் நடிப்பும் கற்றுத்தந்தார். 1900-ல் மான்செஸ்டர்–சால்ஃபோர்டு பெண்கள் தொழிற்சங்கக் குழுவின் இணைச் செயலாளரானார். உடன் செயலாளர் சாரா டிக்கன்சன், ஆலைத் தொழிலாளியாக இருந்து வந்தவர். கூலித் தகராறு, புதிய சங்கம் சேர்ப்பது, சந்தா வசூல், முதலாளிகளோடு பேச்சு என்று அன்றாட வேலை நிறைய இருந்தது.

29,359 கையொப்பங்கள்

லங்காஷயர் பருத்தி நெசவுப் பெண்களின் வாக்குரிமை மனு ஏன் முக்கியம் என்று புரிய, அந்தத் தொழிலின் ஓர் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் பெண்கள் வேலை பார்த்த பெரும்பாலான தொழில்களில் ஆண் கூலி வேறு, பெண் கூலி வேறு. பருத்தி நெசவில் மட்டும் துண்டுக்கூலிப் பட்டியல் ஒன்றே. நெய்த துணிக்குத்தான் விலை, நெய்தவர் யார் என்பதற்கு அல்ல. அதனால் அங்கே ஆண்கள் பெண்களைச் சங்கத்துக்கு வெளியே வைக்க முடியவில்லை. வைத்தால் குறைந்த கூலிக்கு அவர்களே போட்டியாகிவிடுவார்கள். நெசவாளர் சங்கங்களில் பெண்களே பெரும்பான்மை; வாரந்தோறும் சந்தா கட்டிய, கூட்டத்துக்கு வந்து பழகிய பெண்கள். மனுவுக்கான தயார் நிலை அதற்கு முன்பே அங்கே இருந்தது.

1900 மே 1 அன்று பிளாக்பர்னில் திறந்தவெளிக் கூட்டத்தோடு மனு தொடங்கியது. பழைய வாக்குரிமை மனுக்கள் சீமாட்டிகளின் வரவேற்பறைகளில் கையொப்பம் வாங்கியவை. இது ஆலை வாசலில் வாங்கியது. போல்டனிலிருந்து சாரா ரெடிஷ், நெல்சனிலிருந்து செலினா கூப்பர் போன்ற ஆலையில் உழைத்து வந்த பெண்களே ஊர் ஊராகப் போனார்கள். சங்கு ஊதி ஆலை விடும் சில நிமிடங்களில் எல்லாரிடமும் வாங்க முடியாது. எனவே மாலையில் வீடு வீடாகப் போவதும் சேர்ந்துகொண்டது. நாடாளுமன்ற மனுவில் ஒருவருக்காக இன்னொருவர் எழுதக் கூடாது என்பதால், ஒவ்வொருத்தரும் தம் கையாலேயே எழுத வேண்டியிருந்தது.

1901-ல் 29,359 கையொப்பங்களோடு 15 நெசவுத் தொழிலாளிப் பெண்கள் வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போனார்கள். அடுத்து யார்க்ஷயர் கம்பளி ஆலைகளிலும் செஷயர் பட்டு ஆலைகளிலும் இதே போல் ஒரு மனு திரண்டது.

பலன்? எதுவும் நேரடியாக இல்லை. காரணம் கையொப்ப எண்ணிக்கையில் இல்லை. நாடாளுமன்றத்தில் மனுவை வாங்கி வைப்பார்கள். அதன்மேல் ஒரு மசோதா பிறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தால் அதற்கு ஒதுக்கிய வெள்ளிக்கிழமைப் பிற்பகல் தீரும்வரை எதிர்ப்பாளர்கள் பேசியே கொன்றுவிடலாம். 1905 மே 12 அன்று பாம்ஃபோர்ட் ஸ்லாக் என்ற உறுப்பினர் கொண்டுவந்த பெண் வாக்குரிமை மசோதாவுக்கு அதுதான் நடந்தது. அதற்கு முன்னால் இருந்த, சாலை வண்டிகளுக்கு விளக்கு வைப்பது பற்றிய மசோதாவை இழுத்து இழுத்துப் பேசி நேரத்தைத் தின்றார்கள். அரசே பொறுப்பேற்காத வரை இந்த வழி அடைபட்டது என்பது ஈவா, எஸ்தர் இருவருக்கும் இதற்கு முன்பே புரிந்துவிட்டது. அதனால் அவர்கள் சந்தாப் பணத்தின் பக்கம் திரும்பினார்கள்.

கிளித்தரோவில் பணக் கேள்வி

அன்று நாடாளுமன்ற உறுப்பினருக்கு அரசுச் சம்பளம் கிடையாது. அது 1911-ல்தான் வந்தது. தொழிலாளர் வேட்பாளருக்குச் செலவும் சம்பளமும் சங்கங்கள் உறுப்பினர் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்துக் கொடுத்தன. 1902-ல் கிளித்தரோ தொகுதி காலியானபோது டார்வென் நெசவாளர் சங்கத்தின் டேவிட் ஷாக்கிள்டன், பின்னாளில் தொழிலாளர் கட்சியான தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவின் வேட்பாளரானார். அந்தத் தொகுதி நெசவாளர் சங்கங்களில் பெண்கள்தான் அதிகம். தங்களுக்கு ஓட்டே இல்லாத தேர்தலில், தாங்கள் சம்பளம் கொடுக்கப்போகும் உறுப்பினர் இவர்.

ஈவா, எஸ்தர், சாரா ரெடிஷ் மூவரும் இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே இறங்கினார்கள். கூட்டங்களில் கேட்ட கேள்வி எளிது: பணம் எங்களுடையது, குரல் யாருடையது? ஷாக்கிள்டன் போட்டியின்றித் தேர்வானார். பெண் வாக்குரிமையை ஆதரிப்பதாக உறுதி கொடுத்தார். கிளித்தரோ சந்தைச் சதுக்கத்தில் பேசிய அனுபவம் ஈவாவின் கவிதை ஒன்றிலும் பதிவாகியிருக்கிறது. மறைஞானம் பேசும் நீண்ட பாடல்களைவிட, தெருமேடையைப் பாடும் இந்தச் சிறு கவிதைகள்தான் இன்று உயிரோடு நிற்கின்றன என்பது எங்கள் கருத்து.

நாடாளுமன்றத்துக்குள் போனபின் ஷாக்கிள்டனால் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. இதை ஒருவரின் நம்பிக்கைத் துரோகமாக மட்டும் பார்ப்பது மேலோட்டம். அன்றைய வாக்குரிமை சொத்து, வீடு, வாடகை சார்ந்தது. ஆண்களிலேயே பெரும் பகுதிக்கு ஓட்டு இல்லை. ஆணுக்கு உள்ள அதே நிபந்தனையில் பெண்ணுக்கும் கொடு என்றால் சொத்துள்ள சீமாட்டிகளுக்குத்தான் முதலில் போகும், அது எதிர்க்கட்சிகளுக்கு லாபம் என்று தொழிலாளர் தரப்பில் பலர் கருதினார்கள். வயதுவந்த எல்லாருக்கும் சேர்த்துக் கேட்போம் என்றார்கள். கேட்க நியாயமாக இருந்தாலும், நடைமுறையில் அது காலவரையின்றித் தள்ளிப்போடும் வழியாகவே அமைந்தது.

இந்த இழுபறி சங்கங்களுக்குள்ளும் வந்தது. 1903-ல் ஈவாவும் எஸ்தரும் லங்காஷயர்–செஷயர் நெசவுப் பெண்களுக்கென்று தனிப் பிரதிநிதித்துவக் குழு அமைத்தார்கள். 1904-ல் பெண்கள் தொழிற்சங்கக் குழு வாக்குரிமையைத் தன் கொள்கையாக ஏற்க மறுத்ததும் ஈவாவும் சாரா டிக்கன்சனும் பதவி விலகி, வேறொரு குழுவைத் தொடங்கினார்கள். பழைய குழு, சங்கம் வேறு அரசியல் வேறு என்றது. கூலியை நிர்ணயிக்கும் சட்டத்தை எழுதுவது நாடாளுமன்றம் என்றால் இரண்டும் எப்படி வேறாகும் என்பது ஈவாவின் பதில். பெண் தொழிலாளர் செய்திகளுக்கென்று ஒரு காலாண்டிதழையும் அதே ஆண்டில் அவர் நடத்தினார்.

1906 பொதுத்தேர்தலில் அடுத்த சோதனை: வீகன் தொகுதியில் தோர்லி ஸ்மித் என்பவரைப் பெண் வாக்குரிமை வேட்பாளராகவே நிறுத்தினார்கள். தொழிலாளர் கட்சியின் அதிகாரபூர்வ ஆதரவு இல்லை, பெரிய கட்சிப் பணமும் இல்லை. 2,205 வாக்குகள் பெற்று லிபரல் வேட்பாளரை மூன்றாம் இடத்துக்குத் தள்ளி இரண்டாவதாக வந்தார். தோல்விதான்; ஆனால் சுரங்கத் தொழிலாளர் ஊரில் ஆண் வாக்காளர்கள் இந்த ஒரே கோரிக்கைக்காக ஓட்டுப் போடுவார்கள் என்பது கணக்கில் வந்தது.

மதுக்கூடப் பெண்கள்

ஆஸ்க்வித் அரசின் 1908 மது உரிமச் சட்ட மசோதாவின் முதன்மை நோக்கம் மதுக்கூடங்களைக் குறைப்பது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை. அதற்குள் சிறிதாக ஒரு பிரிவு: உரிமம் தரும் நீதிபதிகள் விரும்பினால், மதுக்கூடத்தில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று நிபந்தனை போடலாம். மதுவிலக்குக்காரர்களின் வாதம் இரண்டு. பெண் ஊற்றிக் கொடுத்தால் ஆண் அதிகம் குடிக்கிறான்; அந்த இடம் பெண்ணின் ஒழுக்கத்துக்கு ஆபத்து. யாரும் எதிர்ப்பார்கள் என்று அரசு நினைக்கவேயில்லை. வாக்குரிமைச் சங்கத்தாரில் பலரே மதுவிலக்கின் பக்கம் இருந்தவர்கள். மதுக்கூடப் பெண்ணுக்காகப் பேசுவது மரியாதைக் குறைவு என்று ஒதுங்கினார்கள்.

ஈவாவும் எஸ்தரும் அந்தப் பெண்களின் தற்காப்புக்காகத் தனி அமைப்பு ஒன்றை நடத்தினார்கள். வாதத்தைக் கட்டிய விதம் கவனிக்கத்தக்கது. மது நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மதுபான முதலாளிகளின் ஆள் என்ற முத்திரை அன்றே விழுந்திருக்கும். வேலை நேரம் அதிகம் என்றால் நேரத்தைக் குறைக்கச் சட்டம் போடு. இடம் ஆபத்து என்றால் இடத்தைச் சரி செய். ஆளை வெளியே அனுப்புவது எப்படிப் பாதுகாப்பு ஆகும்? வேலை போன பெண் அடுத்த வாரம் எதைச் சாப்பிடுவாள் என்று மசோதாவில் எங்கே எழுதியிருக்கிறது? பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் வந்த எதற்கும் அவர் கடைசிவரை இதே அளவுகோலைத்தான் வைத்தார்.

வாய்ப்பைத் தந்தது ஒரு பழைய விதி. அமைச்சராகப் பதவி ஏற்பவர் தன் உறுப்பினர் இடத்தை இழந்து, மறுபடி தொகுதியில் நின்று வெல்ல வேண்டும். 1908 ஏப்ரலில் அப்படி நின்றவர் சர்ச்சில். ஒரு மசோதா நாடாளுமன்றத்தில் இருக்கும்போதே, அதற்குப் பொறுப்பான அரசின் அமைச்சர் ஒருவர் ஒரே நகரத்தில் சில வாரங்கள் சிக்கியிருப்பது பிரசாரக்காரருக்குக் கிடைக்கும் அரிய சந்தர்ப்பம். அந்த நகரம் மான்செஸ்டர் என்பது கூடுதல் வசதி. ஈவாவுக்கு அங்கே பதினோராண்டுப் பழக்கம்.

கான்ஸ்டன்ஸும் அயர்லாந்திலிருந்து வந்து சேர்ந்தார். நான்கு வெள்ளைக் குதிரைகள் பூட்டிய கோச்சு வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு நகரத் தெருக்களில் வந்தார். வண்டி நின்ற இடமெல்லாம் மேடை. கூட்டத்தில் ஒருவன் “சமைக்கத் தெரியுமா?” என்று கத்த, “தெரியும், உனக்கு நாலு குதிரை வண்டி ஓட்டத் தெரியுமா?” என்று பதில் வந்ததாகச் சொல்வார்கள். வேடிக்கை பார்க்கத் திரண்ட கூட்டத்துக்கு அந்தப் பிரிவு என்ன செய்யும் என்று விளக்கிவிடுவதுதான் உத்தி.

சர்ச்சில் தோற்றார். இந்தத் தோல்வியை மதுக்கூடப் பெண்கள் கணக்கில் மட்டும் எழுதுகிறவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். மதுபான உற்பத்தியாளர்கள் மசோதா முழுவதையும் எதிர்த்துப் பணத்தோடு இறங்கியிருந்தார்கள். சிறை செல்லவும் துணிந்து வாக்குரிமை கேட்ட பாங்க்ஹர்ஸ்ட் குடும்பத்தின் அணியும் அவருக்கு எதிராக வேலை செய்தது. அரசின் மேல் பொதுவான சலிப்பும் இருந்தது. வென்றவரோ குடிப்பழக்கமே இல்லாத தீவிரக் கிறிஸ்தவர். ஆனாலும் 429 என்ற வித்தியாசத்தில் ஒவ்வொரு தரப்புக்கும் பங்கு கேட்க இடம் உண்டு. பிரிவின் கதி இன்னும் தெளிவானது: அதே ஆண்டின் பிற்பகுதியில் மக்களவையே அதைத் தள்ளியது. நவம்பரில் பிரபுக்கள் சபை முழு மசோதாவையும் நிராகரித்தது. சர்ச்சில் மே மாதமே டண்டீ தொகுதியில் வேறொரு இடைத்தேர்தலில் வென்று திரும்பிவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாக்குரிமைக்கு மனு போட்டுத் தோற்ற அதே ஆட்கள் இங்கே எப்படி வென்றார்கள்? ஒரு புதிய உரிமையைப் பெற அரசின் சம்மதம், நேரம், பெரும்பான்மை மூன்றும் வேண்டும். ஒரு பிரிவை நிறுத்தவோ அது தொல்லை பிடித்தது என்று அரசுக்குத் தோன்றினாலே போதும். ஈவாவின் வெற்றிகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை.

1911-ல் சுரங்க வாய்ப் பெண்களுக்கும் இதே கதை. 1842 முதல் பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கத் தடை உண்டு. மேலே வந்த நிலக்கரியில் கல் பொறுக்குவது, தள்ளுவண்டி தள்ளுவது அவர்கள் வேலை. நிலக்கரிச் சுரங்க மசோதாவில் அதற்கும் புதிய பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று திருத்தம் வந்தது. ஈவா சில நாட்கள் அந்த வேலையைத் தாமே செய்து பார்த்தார். வீகன் பகுதிப் பெண்கள் லண்டனுக்குத் தூது போனார்கள், தடை கைவிடப்பட்டது.

கிறிஸ்டபெல்லோடு பிரிந்த இடம்

1901-ல் ஈவாவின் வாசிப்பு வட்டத்துக்கு வந்தவர்தான் கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்ட். அவரைச் சட்டம் படிக்கத் தூண்டியதில் எஸ்தருக்குப் பங்கு உண்டு. 1905 அக்டோபரில் மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹால் கூட்டத்தில் கேள்வி கேட்டு, காவலரோடு மோதி கிறிஸ்டபெலும் ஆனி கென்னியும் சிறை சென்றதும் நாடே திரும்பிப் பார்த்தது. ஈவா விலகிப் போனார். சிறை போகும் துணிச்சல் அவருக்குக் குறைவில்லை. வன்முறை எதையும் ஏற்காத மனம் ஒரு காரணம். இன்னொன்று நடைமுறைக் காரணம்: ஆலைப் பெண் ஒரு வாரம் சிறை போனால் தறி வேறொருத்திக்குப் போய்விடும், வீட்டில் குழந்தை இருக்கும். வசதியுள்ளவர்கள் தாங்கக்கூடிய போராட்ட முறை அது என்பதை நெசவுப் பெண்களே அன்று வெளிப்படையாகச் சொன்னார்கள்.

போரும் 1916-ம்

போர் மூண்டதும் வாக்குரிமை இயக்கத்தின் பெரும்பகுதி அரசின் பக்கம் சாய்ந்தது. ஈவா சாயவில்லை. 1914 கிறிஸ்துமஸுக்கு எமிலி ஹாப்ஹவுஸ் முன்னெடுத்து, ஜெர்மனி, ஆஸ்திரியப் பெண்களுக்கு 101 பிரிட்டிஷ் பெண்கள் எழுதிய சமாதானக் கடிதத்தில் ஈவாவும் எஸ்தரும் கையொப்பமிட்டார்கள். 1916-ல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தபின், மனசாட்சிப்படி மறுத்தவர்களை விசாரித்த உள்ளூர்த் தீர்ப்பாயங்களுக்கு ஈவா போய் உட்கார்ந்தார். வெளியார் ஒருவர் குறிப்பெடுக்கிறார் என்று தெரிந்தால் விசாரிப்பவர் நாக்கு கொஞ்சம் அடங்கும்; மறுத்த இளைஞனுக்கு அறையில் ஒரு முகமாவது ஆதரவாக இருக்கும்.

பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த 1916 ஈஸ்டர் எழுச்சியில் கான்ஸ்டன்ஸ் டப்ளினின் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பகுதியில் ஆயுதத்தோடு நின்றார். மரண தண்டனை விதித்து, பெண் என்பதற்காக அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். சமாதானவாதியான தங்கை, அக்காவின் துப்பாக்கியை ஒருநாளும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் டப்ளின் மவுன்ட்ஜாய் சிறைக்கு ஓடினார், பிறகு இங்கிலாந்தின் எயில்ஸ்பரி சிறைக்கும். ஈவாவின் நாடகம் ஒன்றுக்குக் கான்ஸ்டன்ஸ் சிறையிலிருந்தே ஓவியம் வரைந்து கொடுத்தார்; அது அதே ஆண்டில் வெளிவந்தது.

அந்த எழுச்சிக்கு ஜெர்மனியின் உதவியைத் தேடிக் கைதான முன்னாள் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்டைக் காப்பாற்ற நடந்த முயற்சி தோற்றது. ஜூன் 29 அன்று தேசத்துரோகத் தீர்ப்பு. ஆகஸ்ட் 3 அன்று பென்டன்வில் சிறையில் தூக்கு. இடையில் ஐந்து வாரங்கள். ஈவா மனுவுக்குக் கையொப்பம் திரட்டினார். மன்னரை நேரில் அணுகும் முயற்சியிலும் இருந்தார். கருணை மன்னரின் பெயரில் வந்தாலும் அதைக் கொடுப்பது உள்துறை அமைச்சரின் ஆலோசனைப்படி. அமைச்சரவையோ, ஆண்களோடு உறவு பற்றிப் பேசும் கேஸ்மென்டின் அந்தரங்க நாட்குறிப்புகளைச் செல்வாக்குள்ளவர்களிடம் காட்டி ஆதரவை உருக்கிக்கொண்டிருந்தது. பொதுமேடையில் பதில் சொல்ல முடியாத குற்றச்சாட்டை மனுவால் எதிர்கொள்ள முடியாது. ஈவாவின் வழக்கமான கருவிகள் எவையும் செல்லுபடியாகாத இடம் இதுதான்.

யுரேனியா

அதே 1916-ல் ஈவா, எஸ்தர், தாமஸ் பேட்டி, டோரத்தி கார்னிஷ், ஜெஸ்ஸி வேட் ஐவரும் யுரேனியா என்ற இதழைத் தொடங்கினார்கள். கடையில் கிடைக்காது, நண்பர்கள் வட்டத்துக்கு மட்டும் தனிச்சுற்று. ஆண், பெண் என்ற பிரிவே ஒரு தற்செயல், அதைக் கொண்டு மனிதரை வகைப்படுத்த வேண்டியதில்லை என்பது அதன் நிலைப்பாடு. மதுக்கூடப் பிரிவை எதிர்த்த வாதத்தின் வேர் இங்கே தெரிகிறது: வேலையைப் பார், செய்பவரின் பாலை ஏன் பார்க்கிறாய்? ஈவா இறந்து பல ஆண்டுகள் கழித்தும், 1940 வரை, இதழ் வந்தது.

1918 பிப்ரவரியில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தபோது 30 வயது நிறைந்து, சொத்துத் தகுதியும் இருந்தவர்களுக்கே கிடைத்தது. 1900-ல் ஆலை வாசலில் கையொப்பமிட்டவர்களில் பலருக்கு அதற்குள் வயது வந்திருக்கும். அவர்களுக்குப் பின் தறிக்கு வந்த இளம்பெண்கள் மறுபடி வெளியே நின்றார்கள். ஆணுக்குச் சமமான உரிமை 1928-ல்தான் வந்தது. ஈவா 1926 ஜூன் 30 அன்று லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் குடல் புற்றுநோயால் இறந்திருந்தார். மறு ஆண்டு கான்ஸ்டன்ஸும் போய்விட, எஸ்தர் 1929-ல் ஈவாவின் கவிதைகளை வாழ்க்கைக் குறிப்போடு தொகுத்தார்; 1934-ல் கான்ஸ்டன்ஸின் சிறைக் கடிதங்களைப் பதிப்பித்தார். 1938-ல் எஸ்தரை ஈவாவின் கல்லறையிலேயே அடக்கம் செய்தார்கள். மனு, கூட்டம், தீர்மானம் என்று நாள்தோறும் நடந்த வேலையைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதில் கணிசமான பகுதி எஸ்தர் எழுதி வைத்ததிலிருந்தும் சங்கப் பதிவேடுகளிலிருந்தும் வருவது.